கேப் ஸ்பேஸ் கொட்டிக் கெடந்தும் ஃப்ரீ ஏஜென்ட் ஏன் நம்ம டீமுக்கு வர மாட்டேங்கறாங்க?

கேள்வி கேட்டவர் டீம் பேர் சொல்லல, ஆனா நிலைமைய தெளிவா சொல்லியிருக்கார். அவரோட என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) டீம் ரெண்டு மூணு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கு, லீக்லயே அதிக கேப் ஸ்பேஸ் (லீக் வைக்கிற சம்பள உச்சவரம்புக்குள்ள மிச்சம் இருக்கிற இடம்) நம்மகிட்டதான்னு ஒவ்வொரு பிப்ரவரியும் படிச்சு சந்தோஷப்படுறார், மார்ச் வந்தா ஃப்ரீ ஏஜென்ட்ல (கான்ட்ராக்ட் முடிஞ்சு எந்த டீமோடயும் சேரலாம்ங்கற ஆட்டக்காரங்க) பெரிய பேரெல்லாம் வேற எங்கயோ கையெழுத்து போட்டுட்டு போயிடறாங்க, இவங்களுக்கு மிச்சம் மீதிதான் கெடைக்குது. ஓனர் கஞ்சத்தனமா, குளிரா, வரியா, இல்ல நம்ம டீம்னாலே யாருக்கும் பிடிக்கலயான்னு கேக்குறார். எனக்கு என்ன தோணுதுன்னா, அவர் கேக்குறது வெறும் காரணம் இல்ல, கையில காசு வச்சிருந்தும் நம்மள ஏன் ஒருத்தரும் மதிக்க மாட்டேங்கறாங்கன்னுதான். நான் ஏஜென்ட் இல்ல, கோச்சும் இல்ல. விளையாட்டுக்காரங்களுக்கு பல மாநில வருமான வரிக் கணக்கு போட்டுக் குடுக்குறது என் தொழில், அதுக்காக கான்ட்ராக்ட பக்கம் பக்கமா படிக்கவேண்டி வரும். அதனால பணம், வரி பத்தி சொல்றத உறுதியா சொல்றேன், ஆட்டக்காரர் மனசு பத்தி சொல்றதெல்லாம் என் கணிப்புன்னு எடுத்துக்கோங்க.

மொதல்ல இந்த கேப் ஸ்பேஸ். அது பணம் இல்ல, செலவு பண்றதுக்கான அனுமதி மட்டும்தான், அதோட மதிப்பு மத்த டீம்கிட்ட எவ்வளவு இருக்குங்கறத பொறுத்தது. இத புரிஞ்சுக்க நியூ இங்கிலாண்ட் பேட்ரியாட்ஸ பாருங்க. 2020 சீசன்ல 7-9 (7 ஜெயிப்பு, 9 தோல்வி), நட்சத்திர குவார்ட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்த நடத்துறவர்) டாம் பிரேடி போயாச்சு, எல்லாரும் கைவிட்ட நேரம். கோவிட்டால லீக் கேப் 198.2 மில்லியன் டாலர்லருந்து 2021ல 182.5 மில்லியனா இறங்குச்சு. பாதி லீக் இருக்கிறவங்களயே வெளிய அனுப்பிக்கிட்டு இருந்தப்ப இவங்ககிட்ட இடம் இருந்துச்சு, மேத்யூ ஜூடன், ஹண்டர் ஹென்றி, ஜோன்னு ஸ்மித், நெல்சன் அகலார்னு ரெண்டு நாள்ல வாரிக் குவிச்சாங்க. அதே டீம், அதே ஓனர், அதே குளிர், 2024 மார்ச்ல கேப் ஸ்பேஸ்ல முன்வரிசையில இருந்தும் வெளியிலருந்து ஒரு பெரிய பேரக்கூட கூட்டிட்டு வர முடியல. ஏன்னா அந்த வருஷம் கேப் 224.8லருந்து 255.4 மில்லியனா ஒரே தாவல். எல்லாருக்கும் முப்பது மில்லியன் சும்மா கெடைச்சுது. எல்லார் கையிலயும் காசு இருந்தா நம்ம கையில இருக்கிற காசுக்கு பெருசா மரியாதை இல்ல.

அடுத்தது, உண்மையான நட்சத்திரங்கள் மார்க்கெட்டுக்கே வர்றதில்ல. ஃப்ரான்சைஸ் டேக்னு ஒண்ணு இருக்கு, கான்ட்ராக்ட் முடியற ஒரு ஆள டீம் இன்னொரு வருஷம் பிடிச்சு வச்சுக்கலாம், அந்த பொசிஷன்ல அதிக சம்பளம் வாங்குறவங்க சராசரிக்கு பக்கத்துல ஒரு தொகை குடுத்து. சின்சினாட்டி டீம் அவங்க ரிசீவர் (வீசுற பந்த ஓடிப் பிடிக்கிறவர்) டி ஹிக்கின்ஸ 2024லயும் டேக் பண்ணாங்க, 2025லயும் டேக் பண்ணாங்க, அப்புறம் அதே மார்ச்ல 4 வருஷம் 115 மில்லியனுக்கு கையெழுத்து வாங்கிட்டாங்க. ரெண்டு வருஷமா எத்தனை டீம் ரசிகர்கள் ஹிக்கின்ஸ் நமக்கு வருவார்னு தன் டீம் ஜெர்சியில அவர் படத்த ஒட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்க! அவர் ஒரு நாள்கூட சுதந்திரமா மார்க்கெட்ல நிக்கல. ஆக நீங்க மார்ச்ல பாக்குற பட்டியல், 32 டீமும் ஏற்கனவே சலிச்சு எடுத்தது போக மிச்சம் உள்ள பட்டியல். இதுல உங்க டீமோட தப்பு எதுவும் இல்ல.

இப்ப ஒரு ஆள எடுத்து கிட்ட போய் பாப்போம், ரிசீவர் கால்வின் ரிட்லி, 2024. அப்ப அவர் ஜாக்சன்வில்ல இருந்தார். அட்லாண்டாவோட போட்ட ட்ரேட் ஒப்பந்தத்துல ஒரு சிக்கல், புது லீக் வருஷம் தொடங்குறதுக்கு முன்னாடி ஜாக்சன்வில் அவருக்கு எக்ஸ்டென்ஷன் (கான்ட்ராக்ட் நீட்டிப்பு) குடுத்தா அட்லாண்டாவுக்கு ட்ராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்கள டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கிறது) ரெண்டாவது ரவுண்ட் பிக் குடுக்கணும், அப்புறமா குடுத்தா மூணாவது ரவுண்ட்தான். அதனால அவங்க காத்திருந்தாங்க. பேட்ரியாட்ஸுக்கு ரிசீவர் அவசரமா தேவை, ரெண்டே டீம் போட்டியில இருக்கிற மாதிரி ஊரே பேசிக்கிட்டு இருந்துச்சு. கடைசில சத்தமே இல்லாம டென்னசி டைட்டன்ஸ் வந்து 4 வருஷம் 92 மில்லியன், அதுல 50 மில்லியன் கியாரண்டின்னு சொல்லி தூக்கிட்டு போயிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது, டைட்டன்ஸ் ஒண்ணும் ஜெயிக்கிற டீம் இல்ல, 2023ல 6-11, கோச் புதுசு, குவார்ட்டர்பேக் வில் லெவிஸ் இன்னும் நிரூபிக்காத பையன். அப்ப ‘எல்லாரும் ஜெயிக்கிற இடத்துக்குத்தான் போறாங்க’ங்கறது இங்க அடிபட்டுப் போச்சு. கூடவே பாருங்க, டென்னசிலயும், ஜாக்சன்வில் இருக்கிற ஃப்ளோரிடாலயும் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கெடையாது. பேட்ரியாட்ஸ் இருக்கிற மாசசூசெட்ஸ்ல 5 சதவீதம், 2023லருந்து ஒரு மில்லியன் டாலருக்கு மேல வர்ற வருமானத்துக்கு இன்னொரு 4 சதவீதம் சேர்த்து 9.

இந்த வரி விஷயம் என் வேலை, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா ரசிகர்கள் இதுல ரெண்டு பக்கமும் தப்பா பேசறத பாக்குறேன். ஒரு கூட்டம் ‘வரி ஒரு விஷயமே இல்ல, பாதி மேட்ச் வெளியூர்லதான ஆடறாங்க’ன்னு சொல்லும். அது தப்பு. கணக்கு மேட்ச வச்சு இல்ல, டியூட்டி டேஸ்னு வேல நாள வச்சு. ட்ரெயினிங் கேம்ப் தொடங்கினதுலருந்து சீசன் முடியற வரைக்கும் ப்ராக்டிஸ், மீட்டிங், மேட்ச் எல்லாம் சேர்த்து எந்த மாநிலத்துல எத்தனை நாள்னு எண்ணுவாங்க, அதுல பெரும்பகுதி சொந்த ஊர்லதான் வரும், ஏன்னா வாரத்துல மத்த நாளெல்லாம் ப்ராக்டிஸ் அங்கதான். அப்ப 10 மில்லியன் சம்பளம் வாங்குற ஒருத்தர் மாசசூசெட்ஸ் டீம்ல ஆடினா அங்க மட்டும் வருஷத்துக்கு ஏழு லட்சம் டாலருக்கு பக்கத்துல போயிடும். இத ஃபெடரல் வரியில கழிச்சுக்கலாமேன்னா, 2017 சட்டத்துக்கு அப்புறம் இந்த அளவு வருமானக்காரங்களுக்கு 10,000 டாலருக்கு மேல கழிக்க முடியாது. ஏஜென்ட் கமிஷன், அதிகபட்சம் 3 சதவீதம், அதையும் கழிக்க முடியாது.

இன்னொரு கூட்டம் ‘வரி இருக்கிற மாநிலத்துக்கு எவனும் வரமாட்டான்’னு சொல்லும். அதுவும் தப்பு. சைனிங் போனஸ் (கையெழுத்து போடுறதுக்காக தர்ற தொகை) இருக்கே, அது திருப்பிக் குடுக்க வேண்டாததா, சம்பளத்துலருந்து தனியா, ஆடினாத்தான் தருவோம்ங்கற நிபந்தனை இல்லாம எழுதப்பட்டிருந்தா, பல மாநில விதிகள்ல அது ஆட்டக்காரர் குடியிருக்கிற மாநிலத்துக்குத்தான் சேரும். ஃப்ளோரிடாலயோ டெக்ஸாஸ்லயோ வீடு வச்சு நிஜமாவே அங்க குடியிருக்கிற ஒருத்தருக்கு பெரிய சைனிங் போனஸும் சின்ன சம்பளமுமா எழுதினா வரியோட கடி பாதிக்கு மேல குறையும். கான்ட்ராக்ட் எழுதத் தெரிஞ்ச டீம் இத வச்சே சமாளிக்கும். அப்புறம் வரி இல்லாத ஊர் டீம்ல ஆடுறவரும் கலிஃபோர்னியாவுக்கு போய் ஒரு வாரம் ஆடினா அந்த நாள் கணக்குக்கு கலிஃபோர்னியாவுக்கு கட்டித்தான் ஆகணும். ஆக என் அனுபவத்துல வரி ஒரு ஆள உங்க டீம்லருந்து விரட்டாது, ரெண்டு ஆஃபர் கிட்டத்தட்ட சமமா இருக்கிறப்ப தராச சாய்க்கும். ரிட்லி விஷயத்துல அதுதான் நடந்துச்சான்னு அவரும் அவர் ஏஜென்டும்தான் சொல்லணும். டென்னசியோட அதே தொகைய மாசசூசெட்ஸ்ல குடுத்தா கைக்கு வர்றது கொறைவுங்கறது மட்டும் நிச்சயம்.

ஓனர் கஞ்சத்தனத்துக்கு வருவோம். இதுல ரசிகர்கள் கோவம் ஓரளவு நியாயம்தான், ஆனா அவங்க பாக்குற இடம் வேற. மொத்த செலவுல ஓனர் ரொம்ப ஏமாத்த முடியாது, இப்ப இருக்கிற தொழிலாளர் ஒப்பந்தப்படி மூணு வருஷ கணக்குல கேப்ல 90 சதவீதமாவது ரொக்கமா செலவு பண்ணியே ஆகணும். கஞ்சத்தனம் தெரியறது கான்ட்ராக்ட் உள்ளதான். என்எஃப்எல்ல ‘4 வருஷம் 80 மில்லியன்’னு தலைப்புல வர்றது முக்கால்வாசி அலங்காரம், கூடைப்பந்து பேஸ்பால் மாதிரி இங்க முழுசும் கியாரண்டி இல்ல. நான் ஒரு கான்ட்ராக்ட திறந்தா மொதல்ல புரட்டுறது பணம் எந்த தேதியில வருதுங்கற பக்கத்த. சைனிங் போனஸ் எவ்வளவு, அது ஒரே தவணையா ரெண்டா, ரெண்டாவது வருஷ சம்பளம் கையெழுத்து போட்ட அன்னிக்கே கியாரண்டியா இல்ல அடுத்த மார்ச் வரைக்கும் டீம்ல இருந்தாத்தானா, ரோஸ்டர் போனஸ் (குறிச்ச தேதியில டீம்ல இருந்தா தர்ற தொகை) லீக் வருஷம் தொடங்கி மூணாவது நாள் வருதா இல்ல ஆகஸ்ட்லயா. மூணாவது நாள்னா, டீம் அவர வேண்டாம்னு நெனச்சா மார்ச்லயே விட்டுடணும், மத்த டீம்கிட்ட இன்னும் காசு இருக்கும், அவருக்கு வேற வேலை கெடைக்கும். ஆகஸ்ட்னா, எல்லாரும் செலவு பண்ணி முடிச்சப்புறம் நடுத்தெருவுல நிப்பார். இது ஒரு வரி எழுத்து, ஆனா ஒரு குடும்பம் எந்த ஊர்ல வீடு பாக்கும்ங்கறத அது தீர்மானிக்கும். போதாக்குறைக்கு லீக்ல ஒரு பழைய விதி, வருங்கால வருஷங்களுக்கு கியாரண்டி குடுக்குற பணத்துல ஒரு அளவுக்கு மேல உள்ளத டீம் முன்கூட்டியே தனிக் கணக்குல போட்டு வைக்கணும். சொத்தெல்லாம் டீம்லயே முடங்கி கையில ரொக்கம் கம்மியா இருக்கிற ஓனருக்கு அது கஷ்டம், அங்கதான் ஆஃபர் ரெண்டாவது இடத்துக்கு போயிடும். வெளிய பாத்தா மொத்தத் தொகை ஒரே மாதிரி தெரியும், ஏன் அங்க போனார்னு நமக்கு புரியாது.

குளிர், சின்ன ஊர், வசதியில்லாத ஜிம், இதெல்லாம் ஓரளவுக்குத்தான். முழு ஃப்ரீ ஏஜென்சி 1993ல தொடங்குச்சு, அதுக்கு வழி போட்ட வழக்கோட பேரே ரெஜ்ஜி வைட்ங்கற டிஃபென்ஸ் ஆட்டக்காரர் பேர்ல இருக்கு, அந்த ரெஜ்ஜி வைட்டே அந்த மொத வருஷத்துல பெரிய ஊர்களையெல்லாம் விட்டுட்டு லீக்லயே சின்ன ஊரான கிரீன் பேக்கு போனார், 4 வருஷம் 17 மில்லியன். அன்னிக்கு அது யாரும் எதிர்பாக்காத விஷயம். அந்த ஊர் டீமான பேக்கர்ஸ் பணமும் குடுத்தாங்க, கூடவே மைக் ஹோம்கிரன்னு ஒரு கோச், பிரெட் ஃபார்வ்னு ஒரு சின்ன வயசு குவார்ட்டர்பேக் இருந்தாங்க. 1996 சீசன்ல சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க, அந்த ஃபைனல்ல வைட் மூணு சாக் எடுத்தார், அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்க பந்தோட மூணு தடவ சாய்ச்சார். வசதி பத்தி சொல்லணும்னா, ஆட்டக்காரர் சங்கம் 2023லருந்து போட்ட ரிப்போர்ட் கார்ட்ல கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அடிமட்டத்துல கெடந்தாங்க, ஓனருக்கு மோசமான மார்க். அதே சீஃப்ஸ் 2022, 2023 ரெண்டு சீசனும் சூப்பர் பவுல் ஜெயிச்சாங்க, ஆளுங்க அங்க போறதுக்கு தயங்கவும் இல்ல. ஏன்னு கேக்க வேண்டியதே இல்ல, அங்க குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் இருக்கார்.

இங்கதான் நான் உண்மையில சொல்ல வந்த விஷயம் வருது. ஆஃபர்ங்கறது மத்தவங்களுக்கு சமமா வந்துட்டா, அப்புறம் தீர்மானிக்கிறது யார் பந்து வீசப் போறார், யார் கோச், அவங்க அடுத்த வருஷமும் இருப்பாங்களாங்கறதுதான். ஒரு ரிசீவருக்கு இது உணர்ச்சி விஷயம் இல்ல, பிழைப்பு விஷயம். மோசமான குவார்ட்டர்பேக்கோட ரெண்டு வருஷம் ஆடினா அவர் நம்பர் சரியும், மூணாவது கான்ட்ராக்ட்ல அடி விழும். குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் 2018ல மினசோட்டாவுக்கு 3 வருஷம் 84 மில்லியன், முழு கியாரண்டியோட போனார், நியூயார்க் ஜெட்ஸ் அதவிட கூட குடுக்க தயாரா இருந்தாங்கன்னு அப்பவே செய்தி வந்துச்சு. மினசோட்டா அதுக்கு முந்தின சீசன் 13-3. முழு கியாரண்டி ரெண்டு பக்கமும் கெடைக்கும்னா யார்தான் ஜெயிக்கிற டீம் பக்கம் போக மாட்டாங்க.

பேட்ரியாட்ஸுக்கே திரும்ப வாங்க, ஏன்னா இதவிட நல்ல சோதனை கெடைக்காது. 2024 மார்ச்ல ரொம்ப வருஷமா இருந்த கோச் பெலிச்சிக் போய் புது கோச், குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ ட்ரேட் பண்ணியாச்சு, அடுத்தவர் யார்னே தெரியாது. ஆள் வரல. 2025 மார்ச்ல மாசசூசெட்ஸ் வரி அப்படியே இருக்கு, குளிர் அப்படியே இருக்கு, ஓனர் அதே கிராஃப்ட், டீம் மறுபடியும் 4-13. மாறினது ரெண்டு விஷயம், புது குவார்ட்டர்பேக் ட்ரேக் மே ஒரு வருஷம் ஆடிக் காமிச்சிருந்தார், மைக் வ்ரேபல் கோச்சா வந்திருந்தார். சூப்பர் பவுல் ஜெயிச்ச ஈகிள்ஸ்லருந்து மில்டன் வில்லியம்ஸ் 4 வருஷம் 104 மில்லியனுக்கு வந்தார். டென்னசில வ்ரேபல்கிட்ட ஆடின ஹெரால்ட் லாண்ட்ரி அவர் பின்னாடியே வந்தார். ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார். 2025 சீசன்ல 14-3, சூப்பர் பவுல் வரைக்கும் போச்சு. ஆனா அந்த மார்ச்லயும் ரிசீவர் கிறிஸ் காட்வின் வரல பாருங்க, பேட்ரியாட்ஸ் கணிசமா கூட குடுக்கறதா இருந்தும் டாம்பாலயே 3 வருஷம் 66 மில்லியனுக்கு இருந்துட்டார்னு செய்தி. அஞ்சு மாசம் முன்னாடி கணுக்கால் பெயர்ந்து சீசனே போனவர், தனக்கு பழகின டாக்டர், பழகின குவார்ட்டர்பேக், வரி இல்லாத மாநிலம். இதுல ஒரு டீம் என்ன பண்ண முடியும்? சில ‘முடியாது’க்கு பதில் கெடையாது, அவமானமும் கெடையாது.

சந்தேகமான பகுதிய தனியா சொல்லிடறேன். ‘எங்க டீம் இவ்வளவு குடுத்துச்சு, அவர் வேண்டாம்னுட்டார்’னு மார்ச்ல வர்ற எண்கள்ல பெரும்பாலானது யாரோ ஒரு தரப்பு வேணும்னு கசிய விட்டது. ஏஜென்டுக்கு உங்க டீம் பேர் தேவை, கேப் ஸ்பேஸ் உள்ள டீம் ஒண்ணு துரத்துதுன்னு சொன்னாத்தான் அவர் ஆளு போக நெனைக்கிற இடத்துல விலை ஏறும். டீமுக்கும் தேவை, நாங்க முயற்சி பண்ணோம்னு ரசிகர்கள்கிட்ட சொல்லிக்கலாம். அதனால நீங்க ‘பத்து பேர் நம்மள நிராகரிச்சாங்க’ன்னு எண்ணிக்கிட்டு இருக்கிறதுல எத்தனை பேர் நிஜமாவே பரிசீலிச்சு வேண்டாம்னாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. கையெழுத்தான கான்ட்ராக்ட் மட்டும்தான் உண்மை, அதுவும் முழு விவரம் வெளிய வர ரெண்டு மூணு நாள் ஆகும்.

மார்ச்ல ஜெயிக்கிறது அப்படி ஒண்ணும் பெரிய ஜெயிப்பும் இல்ல. வாஷிங்டன் 2009ல ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு 7 வருஷம் 100 மில்லியன்னு போட்டாங்க, ரெண்டு சீசன்ல கதை முடிஞ்சுது. ஈகிள்ஸ் 2011ல நாம்டி அசமுகாவோட சேர்த்து ஒரு கூட்டத்தையே வாங்கி, அவங்க ஆட்டக்காரரே ‘ட்ரீம் டீம்’னு சொல்லி, 8-8ல முடிஞ்சாங்க. அதே ஈகிள்ஸ் அப்புறம் பாடம் படிச்சு 2024ல சேக்வான் பார்க்லிய 3 வருஷம் 37.75 மில்லியனுக்கு எடுத்தாங்க, அவர் 2,005 கெஜம் ஓடினார், டீம் சூப்பர் பவுல் ஜெயிச்சுது. என்ன வித்தியாசம்னா, 2024ல அவங்க ஆஃபென்சிவ் லைன் (பந்தோட ஓடுறவருக்கு வழி விட்டுக் குடுக்குற முன்வரிசை) ஏற்கனவே தயாரா இருந்துச்சு, அதுல பெரும்பாலும் சொந்தமா ட்ராஃப்ட் பண்ணி வளத்து ரெண்டாவது கான்ட்ராக்ட் குடுத்து வச்சிருந்த ஆளுங்க. நான் பாத்த வரைக்கும் ஒரு ஆட்டக்காரர் ஒரு டீம பத்தி முடிவு பண்றதுக்கு முன்னாடி விசாரிக்கிறது அங்க ஏற்கனவே ஆடினவங்ககிட்டதான். அடிபட்டப்ப எப்படி நடத்தினாங்க, சம்பளத்த கொறைச்சுக்கோன்னு கடைசி நேரத்துல மிரட்டினாங்களா, நல்லா ஆடினவருக்கு முறையா புதுப்பிச்சாங்களா. தன் சொந்த ஆளுக்கே ரெண்டாவது கான்ட்ராக்ட் குடுக்காத டீமுக்கு வெளியாள் வர்றப்ப ‘ரிஸ்க் கூலி’யும் சேர்த்து கேப்பார். தோக்குற டீம் ஒவ்வொரு வருஷமும் சுமாரான ஆளுக்கு கூட விலை குடுக்கறதுக்கு இதுதான் காரணம்னு நெனைக்கிறேன். இது என் கருத்துதான், புள்ளிவிவரம் வச்சு நிரூபிக்க முடியாது.

அதனால உங்க டீம் நிலைமை திரும்புதான்னு தெரியணும்னா மார்ச் மாசத்த பாக்காதீங்க, அதுக்கு முந்தின ஆகஸ்ட், செப்டம்பர பாருங்க. மூணு வருஷம் முடிச்ச உங்க நல்ல ஆட்டக்காரங்க யாருக்காவது சீக்கிரமே எக்ஸ்டென்ஷன் வந்துச்சா, வந்திருந்தா கையெழுத்தப்ப கியாரண்டி எவ்வளவுன்னு தேடுங்க, மொத்தத் தொகைய விடுங்க. மார்ச்ல திங்கக்கிழமை மத்தியானம் பேச்சுவார்த்தை நேரம் தொடங்கும், புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அதிகாரபூர்வமா கையெழுத்து. அந்த ரெண்டு நாள் வர்ற பெரிய பேர விட்டுட்டு, உங்க கோச்சோட பழைய டீம்லருந்து ஒருத்தர், உங்க டீமவிட நல்ல ரெக்கார்ட் உள்ள டீம் ஒண்ணுலருந்து கார்டோ லைன்பேக்கரோ ஒருத்தர், சந்தை விலைக்கே, கூட குடுக்காம வர்றாங்களான்னு பாருங்க. அப்படி ரெண்டு பேர் வந்துட்டாங்கன்னா பெரிய பேர் அடுத்த வருஷம் உங்க டீம் ஃபோன எடுப்பார்.